இரண்டாவது பிரேக்

– அந்த பஸ்ஸோட வாலைப் பிடிச்சுட்டுப் போகாதேன்னு சொன்னேன்.

– நாலு செகண்ட் இடைவெளி இருக்கு.

– எண்ணினியா?

– எண்ணினேன்.

– மழை பெஞ்ச ரோடு. அஞ்சு வை.

– சரி.

– பாரு எலியாக்கீம், இப்போ என் கால் எங்க இருக்கு?

– பிரேக்குக்கு மேல.

– ரோட்டைப் பாருய்யா! என் காலை எதுக்குப் பார்க்கற?

– பார்க்கல. நீ சீட்டுல நகர்ந்தது கேட்டுச்சு.

– காது நல்லாத்தான் இருக்கு. பாரு, டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா என் பக்கத்துலயும் ஒரு பிரேக் உண்டு. வழக்கமா நான் பத்து தடவை மிதிப்பேன், சிரிப்பேன், மறந்துடுவேன். இன்னைக்கு ஒரு தடவை மிதிச்சாலும் தெமிமா உன்கூட வர மாட்டா. அம்மா சொன்னது ஞாபகமிருக்குல்ல?

– இருக்கு.

– சொல்லு.

– 'என் மகன் சரின்னு சொன்னா என் பேத்தியை உன் கார்ல ஏத்திக்கோ. இல்லன்னா எப்பவும்போல பஸ்ல வந்து பார்த்துட்டுப் போ.'

– அவ்வளவுதானா?

– அதுக்கு முன்னாடி, 'என் மகளைத் தூக்கத்துல தொலைச்சவன்'னாங்க.

– அதை நான் கேட்கல.

– கேட்ட.

– சரி, கேட்டேன். பாரு, போலீஸ் லாரிக்காரன் மேல கேஸ் போட்டுச்சு. அம்மா உன் மேல போட்டாங்க. லாரி கோட்டைத் தாண்டி வழுக்கிட்டு வந்துச்சு, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா முழிச்சிருந்தவன் ஒதுங்கியிருப்பான்ங்கறது அவங்க கணக்கு.

– தப்பு இல்லையே.

– நான் தப்புன்னு சொன்னேனா? வளைவு வருது. ஏன் இவ்வளவு மெதுவா போற?

– அறுபது போட்டிருக்கான்.

– நீ நாப்பதுல போற. பின்னாடி வர்றவன் உன்னைத் திட்டிட்டு வர்றான். பயந்து ஓட்டறதும் ஆபத்துதான்.

– நீதான் பெரிய அடியா எடுத்து வைக்காதேன்னு உன்கிட்ட கத்துக்கற பசங்களுக்குச் சொல்ற.

– அடடா, மாஸ்டர் பாடத்தை மாஸ்டருக்கே திருப்பறான்! ஆமா, சொல்றேன். அவசரமா எட்டு வைச்சு நடக்கறவனுக்குக் கண்ணோட ஒளியில ஐநூறுல ஒரு பங்கு போயிடும்னு நம்ம சட்ட நூல் தல்மூத்துல இருக்கு. வேகமா போறவனுக்குக் கண்ணு பக்கவாட்டுல பார்க்காது, குழாய்க்குள்ள பார்க்கற மாதிரி ஆயிடும்னு டாக்டருங்க இப்போ சொல்றாங்க. தல்மூத் எழுதின ரபீக்கள் அதைக் கழுதை மேல போயிட்டே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா கழுதையை நடுரோட்டுல நிறுத்தச் சொல்லல. ஐம்பத்தஞ்சுக்கு வா.

– வந்துட்டேன்.

– இடது கண்ணாடி?

– வெள்ளை வேன். அதுக்குப் பின்னாடி மோட்டார்சைக்கிள்.

– வேன் என்ன பண்ணும்?

– ஒண்ணும் பண்ணாது. மோட்டார்சைக்கிள் பண்ணும்.

– எப்படிச் சொல்ற?

– வெள்ளிக்கிழமை. சபாத் ஓய்வுநாள் தொடங்கறதுக்கு முன்னாடி வீடு போகணும். பின்னாடி பூ வைச்சிருக்கான்.

– பூவெல்லாம் பார்க்கறியா? பாரு, அவன் இப்போ வேனைத் தாண்டி...

– தெரியும்.

– எலியாக்கீம்!

– பார்த்துட்டேன்.

– ...அப்பாடி. போனான். நாசமா... வேண்டாம், வெள்ளிக்கிழமை. நல்லபடியா போய்ச் சேரட்டும். பொண்டாட்டிக்கு எடுத்துட்டுப் போற பூ, அவ கையிலயே சேரட்டும், கல்லறையில இல்ல.

– ம்.

– மன்னிச்சுக்கோ.

– பரவாயில்ல. மிதிச்சியா?

– இல்ல. கால் தூக்கினேன். அதுக்குள்ள நீ மிதிச்சுட்ட. மெத்துன்னு மிதிச்ச. சும்மா சொல்லக் கூடாது.

– மெரோன் சந்திப்புல திரும்பணுமா?

– திரும்பி, ஏறி இறங்கற பழைய மலை வழியா சஃபெத்ல அம்மா வீட்டுக்குப் போவோம். புது ரோட்டுல எவனும் ஓட்டிடுவான். மணி ரெண்டு நாப்பது. நாலு பத்துக்கு அம்மா சபாத் விளக்கு ஏத்திடுவாங்க, அப்புறம் வண்டி ஓட்டக் கூடாது. அதுக்குள்ள நீ குழந்தையை வாசல்ல நிக்கற உன் கார்ல ஏத்தி ரோஷ் பினாவுல உன் வீடு போய்ச் சேரணும். வெளிச்சத்துல கிளம்பு, வெளிச்சத்துல ஊருக்குள்ள நுழை. சரியா?

– நேரம் போதும்.

– 'சரி'ன்னு நான் சொன்னாத்தான் போதும். பாரு, இந்த வெள்ளிக்கிழமை ஓட்டம்னதும் ஞாபகம் வருது. போன மாசம் என்கிட்ட கத்துக்கிட்ட பையன் ஒருத்தன், தாடி இன்னும் சரியா முளைக்கல, லைசென்ஸ் வாங்கி ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை மூணரைக்கு நூத்தி முப்பதுல போயிருக்கான். போலீஸ் பிடிச்சுடுச்சு. இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'ஐயா, தெருவுல ஒருத்தன் ஓடறான், ஒருத்தன் நடக்கறான், ஓடறவன் இடிச்சு நடக்கறவனுக்கு அடிபட்டா ஓடினவன்தான் நஷ்டம் கட்டணும். ஆனா வெள்ளிக்கிழமை பொழுதுசாயற நேரத்துல ஓடினவன் கட்ட வேண்டாம், அவன் சபாத்துக்காக அனுமதியோட ஓடறான்.' அப்படியே ஒப்பிச்சிருக்கான்.

– போலீஸ்காரர்?

– 'ரொம்ப சரி தம்பி, சாவியைக் கொடுத்துட்டு இறங்கி ஓடு'ன்னாராம்.

– ம்.

– சிரிக்க மாட்டியா?

– ஓட்டறேன்.

– முன்னாடி இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்ப. பதினோரு வருஷம் நாம ரெண்டு பேரும் ஜோடியா உக்காந்து படிச்சோம். யேஷிவா பாடசாலையில நீ ஜோடி கிடைக்காம மூலையில நின்ன, நான்தான் கூப்பிட்டேன். அப்புறம் வேலை வேலைன்னு ஆளுக்கு ஒரு ஊர். அப்பவும் தினம் போன்ல அரைமணி படிப்பை விட்டதில்ல. என் தங்கச்சி ஹோதயாவையே உனக்குக் கட்டிவைச்சேன், ராத்திரியும் கூப்பிடலாமேன்னு.

– தெரியும் நெகோராய்.

– அந்த ஓடறவன் சட்டத்துல நீ எந்தப் பக்கம்? இடிச்சவன் சபாத்துக்காக ஓடல, வேற எதுக்கோ ஓடினான்னு வைச்சுக்கோ. ஆனா நேரம் அதே நேரம். அவனுக்கும் மன்னிப்பு உண்டா?

– வண்டி ஓட்டறப்போ பேச மாட்டேன்.

– ஒரு வரி.

– வேதத்துல யோசேப்பு அண்ணன்மாரை ஊருக்கு அனுப்பறப்போ என்ன சொன்னான்?

– வழியில கோபப்படாதீங்கன்னான்.

– அதுக்கு ரபீக்கள் என்ன அர்த்தம் சொன்னாங்க?

– வழியில சட்டத்தை ஆராயாதீங்க, வழி உங்க மேல கோபப்படும்னு. ஆனா மனப்பாடமா ஒப்பிக்கலாம், தோண்டித் துருவறதுதான் கூடாதுன்னு அங்கேயே...

– நீ தோண்டற.

– சரிப்பா, தோண்டல. ...பாரு, போன்.

– யார்?

– அம்மா. எடுக்கறேன்.

– எடுக்காதே.

– என் போன். நான் ஓட்டலியே.

– நிறுத்தறேன். அப்புறம் எடு.

– பக்கத்துல உக்காந்திருக்கறவன் பேசினா சட்டப்படி ஒண்ணும்...

– நெகோராய். எடுக்காதே. அந்த பஸ் நிழற்குடைகிட்ட நிறுத்தறேன். சிக்னல் போட்டாச்சு. ...இப்போ எடு.

– ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லும்மா.

– எங்கடா இருக்கீங்க? எத்தனை தடவை அடிச்சுது!

– நிறுத்திட்டு எடுத்தோம்மா.

– ஏன் நிறுத்தினீங்க? என்ன ஆச்சு? இடிச்சுட்டானா?

– ஒண்ணும் ஆகல.

– கொட்டாவி விட்டானா?

– அம்மா, அவன் கேட்டுட்டு இருக்கான்.

– கேட்கட்டும். எலியாக்கீம், மத்தியானம் என்ன சாப்பிட்ட?

– பாதி பிட்டா ரொட்டி, யோகெபேத் அத்தை. ஒரு வெள்ளரிக்காய்.

– நான் வைச்ச மீனைத் தொடவே இல்லையா?

– வழிப் பயணத்துக்குக் கொஞ்சமாத்தான் சாப்பிடறேன். தூக்கம் வரும்.

– ...இதை அன்னைக்கு நினைச்சிருக்கலாம்.

– ஆமா.

– இந்தப் பிள்ளை ஒரு மணி நேரமா ஷூவை மாட்டிட்டுக் கதவுகிட்ட நிக்குது. வலது கால்ல இடது ஷூ. கழட்டவும் விடமாட்டேங்குது. இந்தா, நீயே பேசு.

– அப்பா, நீ ஓட்டறியா?

– இல்ல தெமிமா. நிறுத்தியிருக்கேன்.

– ஏன் நிறுத்தின?

– உன்கூடப் பேச.

– பேசாத, வா.

– வர்றேன்.

– மாமா உன்னைப் பாஸ் பண்ணுவானா?

– தெரியல.

– நான் ரெண்டு பைஜாமா எடுத்துட்டேன். ஒண்ணுல ஈரமாச்சுன்னா.

– நல்லது. பாட்டிகிட்ட ஷூவை மாத்தித் தரச் சொல்லு.

– மாட்டேன். இப்படிப் போட்டாத்தான் கழண்டு விழாம இருக்கு.

– சரி.

– டேய் நெகோராய், மூணரைக்குள்ள வந்துடு. நீ சரின்னா சரி. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அவன் எந்த வளைவுல எப்படித் திரும்பினான்னு கதையெல்லாம் எனக்கு வேண்டாம். இனிமே தூங்க மாட்டான்னு நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். வைக்கிறேன்.

– ...வைச்சுட்டாங்க. கிளம்பு. கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேல திரும்பிப் பாரு.

– பார்த்தாச்சு.

– எலியாக்கீம், அன்னைக்கு நாம பேசி முடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு நடந்தது?

– இது டெஸ்ட்டுல உண்டா?

– நான்தானே மாஸ்டர்.

– பத்து நிமிஷம். சொல்லியிருக்கேனே.

– சொல்லியிருக்க. யார் போனை முதல்ல வைச்சது?

– ஞாபகமில்ல.

– நானா, நீயா?

– நீ வைச்ச. ஹோதயா ரேடியோ போட்டா. பத்து நிமிஷம் போச்சு. கண்ணசந்துட்டேன்.

– என்ன பாட்டு?

– நெகோராய், முன்னாடி ரோடு வேலை நடக்குது. கொஞ்சம் பேசாம இரு.

– ...ஆமா. மண் சரிஞ்சிருக்கு. பாதி ரோட்டை அடைச்சுட்டான். கொடி காட்டற ஆளையும் காணோம், வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போயிருப்பான். போகலாம், மெதுவா போ. ஒரு வண்டி போற அகலம் இருக்கு.

– எதிர்ல வருது.

– எங்க?

– வளைவுக்குக் கீழ. சத்தம் கேட்குது. லாரி.

– பாதி தூரம் வந்துட்டோமேய்யா. ...ஆமா, லாரிதான். கல் ஏத்திட்டு வர்றான். நிறுத்து. நிறுத்திட்டியா?

– நிறுத்திட்டேன்.

– அவனும் நிறுத்திட்டான். கியர்ல கைவை. ஏன் ஹெட்லைட்டை இப்படி அடிக்கற?

– லாரி.

– அது நிக்குது. பாரு, நிக்குது. அவன் ஜன்னலை இறக்கறான்.

– ஓய் மாஸ்டர்! டிரைவிங் ஸ்கூலா! பையனுக்கு ரிவர்ஸ் வருமா? நான் பின்னாடி போனா ஏத்தத்துல இவ்வளவு கல்லும் உருண்டு என் மாமியார் வீட்டுல போய் நிக்கும்!

– கொஞ்சம் பொறுங்க அண்ணே! எலியாக்கீம், அவன் கேட்கறது சரி. நீ வேணும்னா இறங்கு, நான் இந்தப் பக்கம் வந்து எடுக்கறேன்.

– எடுத்தா?

– எடுத்தா... டெஸ்ட் முடிஞ்சுது. அடுத்த மாசம் பார்க்கலாம்.

– இறங்க மாட்டேன்.

– இடது பக்கம் பள்ளம். வேலியும் இல்ல. இந்த மாதிரி இடத்துக்குத்தான் சொல்லியிருக்கு. மலை ஏத்தத்துல ரெண்டு ஒட்டகம் எதிரெதிரா வந்தா, ரெண்டும் முட்டிட்டுப் போனா ரெண்டும் விழும். ஒண்ணு பின் ஒண்ணா போனா ரெண்டும் பிழைக்கும். பாரம் ஏத்தினது...

– பேசாதே.

– வழி சொல்றேன்யா.

– வழி தெரியும். பாரம் அவனுக்கு. நான் காலி. நான்தான் பின்னாடி போகணும். பேசாம உக்காரு. கால் மட்டும் எடுத்து வை.

– எங்க எடுத்து வைக்க?

– தரையில. உன் கால் பிரேக்குல இருக்குன்னு தெரிஞ்சா நான் உன்னை நம்பி ஓட்டுவேன். வேண்டாம். எடு.

– ...எடுத்துட்டேன்.

– எத்தனை மீட்டர் வந்தோம்?

– நாப்பது இருக்கும். பின்னாடி எவனும் இல்ல. வலது சக்கரம் மண்ணுல ஏறுது. கொஞ்சம்... சரி. அப்படியே. ஸ்டியரிங்கை இறுக்காதே.

– ம்.

– இன்னும் கொஞ்சம். அந்த மைல்கல் தாண்டணும். ...தாண்டிட்டோம். ஒதுங்கு. போதும், போதும், போதும்!

– நின்னாச்சு.

– ஹே, மாஸ்டர்! உங்க பையன் உங்களைவிட நல்லா ஓட்டறான்! சபாத் ஷாலோம் ரெண்டு பேருக்கும்! தம்பி, மூச்சு விடு, நான் போயிட்டேன்!

– போங்க அண்ணே, நல்லபடியா போங்க! ...எலியாக்கீம். மூச்சு விடு. அவர் சொன்ன மாதிரி.

– விட்டேன்.

– தண்ணி இருக்கு. வேணுமா?

– வேண்டாம். மணி?

– மூணு பத்து. கொஞ்ச நேரம் நிக்கலாம்.

– தெமிமா நிக்கறா. போகலாம்.

– போ. நான் பேசல.

– வளைவு ரெண்டு தாண்டியாச்சு. நிஜமாவே பேச மாட்டியா?

– நீதானே பேசாதேன்ன. ஊர் எல்லை வந்தாச்சு. நாப்பது. நடக்கறவங்களைப் பார்த்துக்கோ, குளிச்சுட்டு ஈரத்தலையோட பசங்க குறுக்க ஓடுவானுங்க. ...நல்லது. அடுத்த திருப்பத்துக்கு முன்னாடி வலது ஓரமா நிறுத்து.

– வீடு அடுத்த திருப்பம்தானே.

– தெரியும். இங்கேயே நிறுத்து. இன்ஜினை அணை.

– அணைச்சாச்சு. மிதிச்சியா?

– இல்ல. ஒரு தடவைகூட இல்ல. இந்த வருஷம் நாப்பது பேருக்குக் கத்துக்கொடுத்தேன், எலியாக்கீம். உன்னை மாதிரி ஒருத்தன் ஓட்டல.

– அப்போ உள்ள போய் சரின்னு சொல்லு.

– என்னன்னு சொல்ல? நல்லா ஓட்டறான்னு சொல்லலாம். அவங்க அதைக் கேட்கலியே. தூங்க மாட்டான்னு முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்றாங்க. மத்தவன் செய்யற தப்புக்கு இடம் விட்டு ஓட்டறதை நான் சொல்லித்தர முடியும். தூங்கறவனுக்கு எதைச் சொல்லித்தர? ஒரு தடவை தூங்கினவன் இன்னொரு தடவை தூங்குவான். அதுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

– இதை மத்தியானமே சொல்லியிருக்கலாம்.

– சொல்லியிருக்கலாம். வேற ஒண்ணுக்காகக் காத்திருந்தேன். அன்னைக்கு நீ தூங்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்போவே போய்ப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து உன் கார் சீட்டுல வைக்கிறேன்.

– பொய் சொல்லச் சொல்றியா?

– நிஜத்தைச் சொல்லச் சொல்றேன்.

– தூங்கினேன்.

– பாரு, நல்லா யோசி. அவ ரெண்டு பைஜாமா எடுத்து வைச்சிருக்கா.

– நானும்தான் கேட்டேன்.

– பதிமூணு மாசமா வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். அதுவும் எங்க அம்மா கண்ணு முன்னாடி. அவளைக் குளிப்பாட்டினதுகூட இல்ல நீ. ஒரு வார்த்தைடா.

– தூங்கலன்னா வேற என்ன பண்ணிட்டிருந்தேன்னு உங்க அம்மா கேட்பாங்க.

– கேட்கட்டும்.

– வேண்டாம்.

– யாருக்கு வேண்டாம்?

– தூங்கினேன், நெகோராய். நீ போனை வைச்சப்புறம். பத்து நிமிஷம் கழிச்சு. அவ்வளவுதான்.

– அப்போ தெமிமா வர மாட்டா.

– சரி.

– சரியா? அவ்வளவுதானா? அவகிட்ட என்ன சொல்லுவ?

– மாமா பாஸ் பண்ணலன்னு சொல்றேன். கார்ல இருக்கற அவ சீட்டைக் கழட்டி மாடிப்படிக்குக் கீழ வைச்சுட்டுப் போறேன். அடுத்த வாரம் பஸ்ல வர்றேன். சாவி இந்தா.

– வேண்டாம், வைச்சுக்கோ. கதவைத் திறக்காதே. உக்காரு.

– மணி ஆச்சு.

– உக்காருன்னு சொல்றேன்ல! துக்கம் காத்த ஏழாம் நாள். நீயும் நானும் தாழ்வான ஸ்டூல்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். ஏன் ஒதுங்கல, என்ன பண்ணிட்டிருந்தன்னு அம்மா உன்னைக் கேட்டாங்க. நீ அவங்களைப் பார்க்கல. என்னைப் பார்த்த. என்னைப் பார்த்துட்டுத்தான் 'தூங்கிட்டேன்'னு சொன்ன.

– நெகோராய், விடு.

– நான் வாயைத் திறப்பேன்னு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் நினைச்சேன். அப்புறம் மறுநாள். அப்புறம் முப்பதாம் நாள். இன்னைக்கு உன்னை இந்த வண்டியில ஏத்தினதே, குழந்தைக்காகவாவது நீயா சொல்லிடுவ, நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னுதான்.

– எதை?

– போய்த் தெமிமாவைக் கூட்டிட்டுக் கிளம்பு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். என் கேள்விக்கு நீ போன்ல பாதி பதில் சொல்லிட்டிருந்தடா, அப்போதான் ஹோதயா கத்தினா. நான் போனை வைக்கவே இல்ல. ஆம்புலன்ஸ்காரர் உன் போனைக் கீழ இருந்து எடுத்து, 'யார் பேசறது'ன்னு கேட்டாரு. அப்போதான் பதில் சொல்லாம வைச்சேன்.